இன்னொரு கொத்தனார்

அன்பு நிறைந்த என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அத்தைக்குக் கால் வலி முன்பு போலத்தான். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. சின்னவள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓடினாள். வழியில் செருப்பு கழன்றதும் நின்று, அதை நிதானமாக மாட்டிக்கொண்டு, மறுபடி ஓடி நான்காவதாக வந்தாள். செருப்பு மட்டும் கழலாமல் இருந்தால் முதல் பரிசு தனக்குத்தான் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறாள். உங்கள் மகள்தானே.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்களும் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் 'சரி, வெச்சிடறேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் தலைமாட்டிலேயே கிடக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி உங்கள் கம்பெனிக்காரர்கள் தாள் கொடுத்திருக்கிறார்களே, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைய ஒப்பந்தம் முடிகிற அடுத்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதுவரை பேனாவையே தொட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் தெரு பெயிண்டர் அக்கா போன வாரம் ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். போட்டோவும் முத்திரையும் வைத்து, 'சுவர் வண்ணப் பணியாளர்' என்று போட்டிருக்கிறது. எங்கே போய்ப் படித்தீர்கள் என்று கேட்டேன். 'படிக்கவெல்லாம் இல்ல, இத்தனை வருஷமா என்ன செஞ்சேனோ அதையே செஞ்சு காட்டுன்னாங்க, காட்டினேன், குடுத்துட்டாங்க' என்றார். பழைய தொழிற்பயிற்சிக் கூடம் இருக்கிறதே, அங்கேதான். வகுப்பு கிடையாது, பள்ளிக்கூடத்தில் எத்தனாவது வரை என்ற கேள்வியும் கிடையாது. வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, பார்த்து, தட்டி, கேள்வி கேட்டு, தெரிந்ததைத் தெரிந்தது என்று எழுதிக் கொடுக்கிறார்களாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்புவது உங்களுக்குத் தெரியும். அங்கே டைல்ஸ் வேலை முழுவதையும் நம் ரெட்டைபோன் கான்ட்ராக்டர்தான் எடுத்திருக்கிறார். இன்னமும் ஒரு காதில் ஒன்று, மறு காதில் ஒன்று என்றுதான் அலைகிறார். நான் போய் வேலை கேட்டேன். சித்தாளாக என்றால் நாளைக்கே வரச் சொன்னார். கொத்தனாராக என்றதும் இரண்டு போனையும் காதிலிருந்து எடுத்துவிட்டார். கட்டடக்காரர்கள் கறாராம், சான்றிதழ் இல்லாத கொத்தனாரை உள்ளே விடுவதில்லையாம். 'பேப்பர் இருந்தா நீங்களும் கொத்தனார்தாம்மா, எனக்கென்ன வந்தது' என்றார். எத்தனை மாடி, எத்தனை குளியலறை, இரண்டு வருடத்துக்குக் குறையாது அந்த வேலை. அந்தப் பேப்பர் மட்டும் என் கைக்கு வந்துவிட்டால், நீங்கள் அங்கே இன்னும் இரண்டு வருடம் கிடக்க என்ன அவசியம்?

பெயிண்டர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். மேசையில் இருந்த பெண் என்ன வேலை என்று கேட்டதும், இத்தனை வருடம் உங்களுக்குச் சித்தாளாக நின்ற பழக்கத்தில் என் வாய் சித்தாள் என்று சொல்லிவிட்டது. அக்கா என் கையில் கிள்ளினார் பாருங்கள், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. 'அளவு எடுக்கறது யாரு? கோடு போடறது யாரு? மெஷின்ல வெட்டறது யாரு? தண்ணி போற ஜாலி பக்கம் வாட்டம் சரியில்லன்னு சொல்லி வீட்டுக்காரரை எழுப்பி மறுபடி போட வெக்கறது யாரு?' என்று அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே அடுக்கினார். எல்லாவற்றுக்கும் நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் சித்தாள் என்பதை அடித்துவிட்டு டைல்ஸ் கொத்தனார் என்று எழுதிக்கொண்டாள். அந்த எழுத்தைப் பார்த்ததும் கூச்சமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

பரீட்சை அடுத்த வாரம். அத்தைக்குப் பிடிக்கவில்லை. 'எம் பையன் தொழிலை நீ எதுக்கும்மா தூக்கிட்டுப் போற' என்கிறார். தூக்கிக்கொண்டு எங்கே போகப் போகிறேன், நம் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி

•

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே. கடிதம் கிடைத்ததும் போன் செய்து, 'உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று கேட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே நாலு பக்கம் எழுதியிருப்பேன். பரீட்சை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டேன். முடிந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கிணறு தாண்டியிருக்கிறேன்.

உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்பு அறைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு குளியலறை அளவு. எனக்குக் கொடுத்ததில் மூன்று சுவர், ஒரு வாசல், உள் மூலையில் தண்ணீர் போக ஜாலி. தரை முழுவதும் போட வேண்டும், ஒரு சுவரில் இடுப்பளவுக்கு ஒட்ட வேண்டும். டைல்ஸை எண்ணித்தான் கொடுப்பார்கள்; உடைந்தால் மேலே தர ஒன்றே ஒன்று. பரீட்சைக்காரர் சட்டைப் பையில் நான்கு பேனா குத்தியவர். சிரிக்கவே மாட்டாரோ என்று பயந்தேன். மற்ற அறைகளில் எல்லாம் ஆண்கள். பக்கத்து அறைக்காரர் என்னைப் பார்த்து, டீ கொண்டுவந்தவள் என்று நினைத்துச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாவம், பிறகு அன்றைக்கு முழுவதும் என் பக்கமே திரும்பவில்லை.

நூல் கட்டினேன், கோடு போட்டேன். வாசலில் முழு டைல் வருகிற மாதிரியும் துண்டெல்லாம் உள்பக்கம் போய் ஒளிகிற மாதிரியும் பரப்பிப் பார்த்தேன். ரசமட்டம் வைத்து ஜாலியை நோக்கித் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்தேன். பரீட்சைக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டம் ஏன் இவ்வளவு என்று கேட்டார். குளியலறையில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது அதைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவளுக்குத்தான் தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் வினையாகிவிட்டது.

ஜாலியைச் சுற்றி வருகிற வளைவுத் துண்டு இருக்கிறதே, எல்லாவற்றிலும் கடினமானது, அதை வெட்டினேன். ஓரம் தேய்த்தேன். தூசியை ஊதினேன். அடுத்த துண்டுக்கு அளவு பார்த்துக்கொண்டே, இதை இடது கையால் பக்கவாட்டில் நீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருடமாக அங்கே உங்கள் கை இருக்கும். நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. நீட்டுவேன், நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். அன்றைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? டைல் தரையில் விழுந்து தூளாகிவிட்டது.

பக்கத்து அறைகளில் எல்லாம் வேலை நின்றுவிட்டது. பரீட்சைக்காரர், 'யாருகிட்ட குடுத்தீங்க?' என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் என்றேன். அவர் இங்கே இல்லையே என்றார். இல்லை, வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிமெண்ட் தூசி என்று துடைத்துக்கொண்டேன். அந்த மனிதர் மேலே தருகிற ஒரு டைலைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை வெட்டிச் சரியாக வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கலக்கத்தில் சுவர் வேலையில் இன்னொன்று மூலை பெயர்ந்துவிட்டது. கையில் வேறு டைல் இல்லை. மிச்சம் கிடந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்து, குழாய்க்குக் கீழே அடி வரிசையில் வைத்தேன். ஏன் அந்த இடம் என்று கேட்டார். அங்கே வாளி நிற்கும், வாளிக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

கடைசியில் தரையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு நிற்காமல் ஜாலிக்குள் ஓடிவிட்டது. பிறகு சின்ன மரக்கட்டை ஒன்றை எடுத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். தரை கெட்டிச் சத்தம். சுவரில் மூன்று இடத்தில் டொப் டொப் என்று பொள்ளல் சத்தம். உள்ளே கலவை பிடிக்கவில்லை. டைலை வைத்து அழுத்தும்போது நீங்கள் ஒரு ஆட்டு ஆட்டுவீர்களே, அதை அருகிலேயே நின்று பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பரீட்சைக்காரர் உட்கார வைத்துச் சொன்னார்: 'அளவு, வெட்டு, வாட்டம், தரை எல்லாம் தேறிட்டீங்க. அதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டாம். சுவர் மட்டும் பழகிட்டு வாங்க.' மாதக் கடைசிக்கு முன்னால் நாள் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. வீட்டு வாசலுக்கு வரும்போது சந்தோஷமாகிவிட்டது. தெரியாதது ஒன்று மட்டும்தான், மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நாலு பேனா வைத்த ஒரு மனிதர் எழுதிவிட்டாரே.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா என்று யோசித்து யோசித்து, எழுதிவிடுகிறேன். வேலை நடக்கும் இடத்தில் நின்று எடுத்த போட்டோ ஒன்று அனுப்பினீர்கள். சின்னவள் அதை அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். டைல்ஸ் போடுகிறவருக்கு முதலில் கிழிவது முழங்கால்தான். உங்கள் கால்சட்டைக்கு எத்தனை ஒட்டுப் போட்டிருக்கிறேன். போட்டோவில் முழங்கால் புதுசாக இருக்கிறது. சட்டையின் வலது தோள்தான் நைந்துபோயிருக்கிறது. அங்கே கொத்தனார் வேலைதான் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறீர்கள். நானும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கைவேலையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லையா? கேட்டும், காட்டுவதற்குக் காகிதம் இல்லை என்று மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார்களா? போனில் இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். எனக்குப் பதிலும் வேண்டாம். அந்தத் தாளை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

தோளுக்கு ராத்திரியில் சூடாக ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி

•

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் அறை நண்பர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். தபாலை நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் உங்கள் அறையில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று பதறுவார்கள்.

கிடைத்துவிட்டது. தேறிவிட்டேன். என் போட்டோவுக்குக் கீழே டைல்ஸ் கொத்தனார் என்று அச்சடித்திருக்கிறது. போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறேன், அது போகட்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பழகுவதற்குச் சுவர் வேண்டுமே. நம் குளியலறைச் சுவரையே எடுத்துக்கொண்டேன். ஒட்டுவேன், தட்டிப் பார்ப்பேன், பொள்ளல் என்றால் காய்வதற்குள் பெயர்த்துக் கழுவி மறுபடி ஒட்டுவேன். வீடு முழுவதும் சிமெண்ட். அத்தை முதலில் வாசலில் நின்று திட்டினார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திட்டினார். அப்புறம் கலவை தண்ணீராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தானே வாளியை இழுத்து வைத்துக்கொண்டு குழைக்க ஆரம்பித்துவிட்டார். கால்தானே வலி, கைக்கு என்ன என்கிறார். இப்போது அத்தைதான் என் சித்தாள். கொஞ்சம் அதட்டினால் கோபித்துக்கொள்கிறார் என்பதைத் தவிர, நல்ல சித்தாள்.

தட்டிப் பார்க்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கையில் ஒரு கரண்டி. சுவரெல்லாம் தட்டி முடித்து, பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் புதிதாகப் போட்ட தரையையும் தட்டி, 'இங்க ஒண்ணு பொள்ளல், அங்க ஒண்ணு பொள்ளல்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நம் கூடத்தில் கட்டிலுக்குக் கீழேயும் ஒன்று பொள்ளல். எந்தக் கொத்தனார் போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன்.

உங்கள் கையின் அந்த அசைவு எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு நாள் களைப்பில் எதையும் நினைக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தேன். டைல் சுவரோடு இழுத்துக்கொண்டது தெரிந்தது. அத்தை கரண்டியால் தட்டினார். கெட்டிச் சத்தம். அடுத்ததும் கெட்டி. அதற்கடுத்ததும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். 'அவன் கை மாதிரியே இருக்கு' என்றார் அத்தை. அதற்குப் பிறகு உங்கள் தொழிலைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்ற பேச்சே இல்லை.

இரண்டாம் தடவை பரீட்சைக்காரர் மேலிருந்து கீழாகத் தட்டினார், கீழிருந்து மேலாகத் தட்டினார், காதை வைத்தும் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கையைப் பார்த்துப் பழகினேன், அவர் ஒட்டினால் நீங்கள் அந்தக் கட்டையைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்றேன். அவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். 'அப்ப அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க, ரெண்டே நாள்ல பாத்துடலாம்' என்றார். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிற மனிதர் இல்லை அவர். உங்கள் பெயரையும் தொழிலையும் எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ரெட்டைபோனிடம் போனேன். சான்றிதழை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் சான்றிதழைப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார், கொத்தனாராக. முதல் மாடிக் குளியலறைகள். அப்புறம் சொன்னார், ஒரு குளியலறைக்கு இரண்டு கொத்தனார் சேர்ந்து வேலை பார்ப்பதுதான் அங்கே முறை, எனக்கு ஜோடியாக இன்னொருவரைப் போட வேண்டும் என்று. ஆளும் தயாராக இருந்தார். பரீட்சையில் என்னிடம் சர்க்கரை வேண்டாம் என்ற அதே மனிதர்தான். நல்லவர், கெட்டிக்காரர், முதல் தடவையே தேறிவிட்டாராம்.

நான் வேண்டாம் என்றேன். ஏன், என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, என் ஜோடிக் கொத்தனார் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். 'எப்போ வர்றார்?' என்றார். மாதம் பிறந்ததும் வந்துவிடுவார், பேப்பருக்கும் பேசி வைத்தாயிற்று என்றேன். நிச்சயமா என்று கேட்டார். ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதைக்கூட எடுக்காமல் என் பதிலுக்காக நின்றார். நிச்சயம் என்று சொல்லிவிட்டேன். அதுவரை தனியாகப் பார்க்கச் சொல்லி அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. போட்டிருந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவும் இல்லை. யோசிக்க மாட்டேன்.

அங்கே உங்களுக்கு யாரும் தராத பெயரோடு இங்கே ஒரு இடம் காத்திருக்கிறது. என் தயவில் வருவதாக நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாக ஒட்டுகிற ஆள் எனக்கு வேண்டும், வேலைக்கு வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வேண்டும், உங்கள் மகளுக்கு வேண்டும். எனக்கும்தான் வேண்டும், இதை எழுதுவதில் என்ன வெட்கம்.

உடம்பு நலமாக, மனசில் எந்தச் சங்கடமும் இல்லாமல் கிளம்புங்கள். எல்லா நன்மையும் உங்களோடு வரட்டும். மாதம் பிறந்ததும் வருவார் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வாசலையே பார்த்துக்கொண்டு,
உங்கள் மனைவி